மூன்றாம் தரப்பு

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு
கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.
எங்களைக் காலிசெய்யச் சொல்லி
தங்கள் பேரூராட்சியில் கொடுக்கப்பட்ட மனுவின் நகல்,
கையெழுத்துப் பக்கங்களோடு.
இப்படிக்கு, முப்பிடாதி, தெபோராள்.
ஒரே தாள், ஒரே கதவிலக்கம்.

வீரவநல்லூரில் தகவல் கேட்டு வருவதெல்லாம்
சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும்தான்.
கையெழுத்தைக் கேட்டது இதுவே முதல்.

மனு என் பீரோவில் இருக்கிறது.
மேற்படி பெண்கள் யாதொரு உறவுமுறையுமின்றி
கணவன் மனைவி போல் வாழ்ந்துவருவதால்
என்று தட்டச்சில் தொடங்கி
அறுபத்து மூன்று பேர்.
ஓய்வுபெற்றும் பச்சை மையை விடாத
தலைமையாசிரியர் தவசிமுத்து முதலாவது.
பதினெட்டாவது, மாதம் தவறாமல் வாடகை வாங்கும் வீட்டுக்காரர்.
ஐந்து கைநாட்டு; கடைசி இரண்டில் மை தீர்ந்து
வெறும் ரேகை.
நாற்பத்தொன்றாவது என் அக்காள்.

மூன்றாம் தரப்புக்கு ஆட்சேபணை உண்டா என்று
முதலில் கேட்கவேண்டுமாம். கேட்டேன்.
அறுபத்து மூன்று பதிவுத் தபால்.
செயல் அலுவலர் செலவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

பதில்கள் வந்தன.
பெயரை வெளியிடக் கூடாது.
மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், வேண்டாம்.
சர்க்கரைக்கு எனக்கு ரத்தம் எடுப்பதே
லேபில் அந்தத் தெபோராள்தான்,
ஊசி அவள் கையில், தயவுசெய்து வேண்டாம்.
எல்லாவற்றின் அடியிலும்
தேதியோடு, தெளிவாக, கையெழுத்து.

அந்த இருவரைப் பற்றி எழுதும்போது மட்டும்
தகப்பன் பெயர், சாதி, வேலைபார்க்கும் பீடிக் கம்பெனி,
எத்தனை மணிக்கு விளக்கணைகிறது
ஒன்றையும் விடவில்லை.

அக்காள் நேரில் வந்தாள்,
தூக்குவாளியில் சொதியோடு.
"எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்.
குடிதண்ணிக்குன்னுல்லா நெனச்சேன்."
பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியவள்.

கொடுத்துவிடத்தான் இருந்தேன்.
ஊரைக் கூட்டி ஒருத்தியைத் துரத்துகிறவன்
அவள் முன்னால் முகத்தைக் காட்டட்டுமே.
குறிப்புத்தாளில் "வழங்கலாம்" என்று எழுதியும் விட்டேன்.

மறுநாள் தபாலில் இன்னொரு விண்ணப்பம்.
ஸ்டாம்பு நேராக ஒட்டியிருந்தது. பச்சை மை.
மேற்படி பெண்களுக்கு ஆதரவாக வந்த மனுவின் நகல்,
கையெழுத்துப் பக்கங்களோடு.

அப்படியும் ஒன்று உண்டு.
நோட்டில் கிழித்த கோடுபோட்ட தாள்.
அவங்க இருக்கட்டும், எங்களுக்குத் தொந்தரவு இல்லை.
அவ்வளவுதான். ஏழு பேர்.
கடைசிப் பெயர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை,
எழுதி, அழித்து, அதன்மேலேயே மறுபடி எழுதியிருக்கிறாள்.
அவள் தகப்பன்
அறுபத்து மூன்றில் முப்பதாவது.

முப்பிடாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
உங்களுக்குத் திறந்தால் அவருக்கும் திறக்கவேண்டும்.
அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் பேசவில்லை.
"அந்த ஏழு பேரக் காட்டிராதீய சார்.
எங்களுக்கும் சொல்லவேண்டாம்."
வாசல்வரை போனவள் திரும்பினாள்.
"ஆனா, தெரியாம இருக்கது லேசுன்னு நெனைக்காதீய.
பால் ஊத்துதவன், பஸ்ஸில இடம் குடுக்கவ,
யாரப் பாத்தாலும் இவுகளோன்னு இருக்கு.
அறுபத்து மூணுதான் எங்களுக்கு ஊர் பூராவா ஆயிட்டு."

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ்.
பதினோரு வருஷத்துக்கு முந்தைய ரெஜிஸ்டர்
செல்லரித்துப் போயிருக்கும்.
ஆண்கள் இருவர், ஒரு இரவு, ஆபீஸ் வேலையாக.
அந்த வரியில் கையெழுத்து என்னுடையது.
பெயர் வேறு யாருடையதோ.

நாளை முப்பதாவது நாள்.
"வழங்கலாம்" இன்னும் அடிக்கப்படாமல் கிடக்கிறது.
கொடுத்தாலும் மறுத்தாலும் உத்தரவின் அடியில்
சொ. பிரம்மநாயகம், பொதுத் தகவல் அலுவலர் என்று
முழுப்பெயர் வரவேண்டும்.
சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன்,
அதற்கு மட்டும் விலக்கு இல்லை.